வெளக்கு வெச்ச பொறகு ஒறைமோரு

இந்த டம்ளரச் சித்த புடிச்சுக்க அம்மணி, நான் சீலயச் சரி பண்ணி உக்காந்துக்கறேன். சாய்ச்சிராத, ஒறைமோரு. வாயில துணி கட்டித்தான் வெச்சிருக்கேன், இருந்தாலும் இந்த டிரைவரு பிரேக்குப் போடற லட்சணத்துக்குக் கவுந்துரும். ஆங், உக்காந்துட்டேன். குடு. இல்ல, நீயே வெச்சிரு, உன்ற மடி ஆடாம இருக்குது.

நீ கோபிக்கா? நான் குன்னத்தூரு தாண்டி ரெண்டாவது ஸ்டாப்பு. அதா, டிரைவருக்குப் பின்னால வெள்ளச் சட்டை போட்டுட்டுக் கம்பியப் புடிச்சு நிக்கறான் பாரு, அவனும் என்ற கூடத்தான் வாரான். சீட்டுக் கெடச்சுது, யாரோ வயசானவருக்கு எந்திரிச்சுக் குடுத்துட்டு நிக்கறான். இந்தக் காலத்துல அந்தக் கொணம் யாருக்கு இருக்குதுங்கற?

ஒறைமோரு எதுக்கா? அது பெரிய கதை அம்மணி. கேட்டா உனக்கே வயிறெரியும். நல்லது செய்யப் போயி நான் பட்டுட்டு இருக்கற பாடு எதிரிக்கும் வேண்டாம்.

திருப்பூர்ல எங்களுக்கு ஒரு லைன் ஊடு இருக்குது. கீழ ஏழு ஊடு, மேல நான் ஒருத்தி. மயிலாத்தான்னு கேட்டா யாருக்கும் தெரியாது, ஹவுஸ் ஓனரம்மான்னா அந்தச் சந்து பூராத் தெரியும். எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போற சனம். நான் யாரு நாயத்துக்கும் போக மாட்டேன். வாசல்ல பிளாஸ்டிக்குக் கொடம் வெக்கக் கூடாது, செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது, அவ்வளவுதான் என்ற சட்டம்.

அஞ்சாம் நெம்பர் ஊட்டுல சம்பத்து, அவன் பொண்டாட்டி சுகந்தி, பூமிகான்னு எட்டு வயசுல ஒரு பொட்டப்புள்ள. சம்பத்து மாதிரி ஒரு ஆளு நீ பாத்திருக்க மாட்ட. மோட்டாரு ரிப்பேருன்னா அவன்தான் எறங்கிப் பாப்பான், சிலிண்டரத் தோள்ல வெச்சு மாடிக்குக் கொண்டாந்து போடுவான். 'அம்மா'ன்னு வாய் நெறையக் கூப்புடுவான். பெத்த புள்ள துபாயில உக்காந்துட்டு வாரத்துக்கு ஒருக்காப் போன் பண்ணுது, அதுவும் பேரன் பேச மாட்டீங்கறான். இவன் தெனமும் ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் வேலைக்குப் போவான்.

குடிப்பான். இல்லீன்னு நான் சொல்லல. ஆம்பளைன்னா அப்படித்தான் இருக்குது ஒலகம். குடிச்சாக் கொஞ்சம் கை நீளும். சுகந்தி பொழுதோட அஞ்சு மணி ஷிப்டுக்குப் போனா வாரதுக்கு ராத்திரி பத்தாயிரும், அந்நேரம் ஊட்டுல இவனும் புள்ளயும்தான். புள்ள முதுகுல தடிப்பு இருக்குதுன்னு டீச்சரு பாத்துட்டு, அவ எங்கயோ சொல்ல, கொழந்தைகளப் பாத்துக்கற ஆபீசுல இருந்து எப்சிபான்னு ஒரு மேடம் வந்துட்டா. ஒல்லியா, கையில ஒரு சார்ட்டு, நாலு ஸ்கெட்சு பேனா.

அந்த மேடம் ஒரு விசயம் சொன்னா, எனக்குப் புடிச்சுது. புள்ளயத் தூக்கிட்டுப் போறது கடைசி வேலைங்க, மொதல்ல புள்ளயச் சுத்தி நாலு ஆளு நிக்கணுமுங்கன்னா. அதுக்கு எல்லாருமாக் கூடி உக்காந்து ஒரு பிளான் போடறதாம். கூட்டம் எங்க நடந்துச்சுங்கற? என்ற ஊட்டு ஹால்லதான். என்ற பாயி, என்ற டீயி. சுகந்தி, அவ தம்பி பல்லடத்துல இருந்து, டீச்சரு, ஆறாம் நெம்பர் ஊட்டு ஜெரினா. சம்பத்தும் உக்காந்தான். குடிச்சாப் புள்ளகிட்டப் போக மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டான். முத்து முத்தாக் கையெழுத்து, எட்டாவது படிச்சவன்னு சொல்ல மாட்ட.

அப்பறம் சார்ட்டுல எங்க பேரெல்லாம் எழுதிப்போட்டு, மேடம் பூமிகா கையில ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டக் குடுத்தா. பயமா இருந்தா யாருகிட்ட ஓடுவியோ அவிய பேருக்குப் பக்கத்துல ஒட்டு கண்ணுன்னா. அந்தப் புள்ள நல்லா யோசிச்சுட்டு, இருக்கறதுலயே பெரிய செவப்புப் பொட்ட எடுத்து என்ற பேருக்குப் பக்கத்துல ஒட்டுச்சு. மாமன் பேருக்குக்கூட அப்பறந்தான். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு அம்மணி. பெத்தவ கூட உக்காந்திருக்கறா, என்ற பேருக்கு ஒட்டுது.

சம்பத்தையும் மத்தவிங்களையும் அனுப்பிப்போட்டு, நானும் சுகந்தியும் புள்ளயும் இருக்கறப்ப மேடம் இன்னொண்ணு சொன்னா. அப்பன் குடிச்சுட்டு வந்தாப் புள்ள எப்படி வெளிய வரும்? ஓடுனாப் புடிச்சுக்குவான். அதனால ஒரு சாக்கு வேணுமாம், அவனுக்குச் சந்தேகம் வராத சாக்கு. பூமிகாவே சொல்லுச்சு, டம்ளர எடுத்துட்டு மேல வந்து ஒறைமோரு கேக்கறேனுங்கன்னு. லைன் ஊட்டுல புள்ளைக இதுக்குத்தான ஓடிட்டு இருக்கும், யாரு கண்டுக்கறா? ஒறைமோருன்னு கேட்டா நான் உள்ள கூப்புட்டு உக்கார வெச்சுக் கதவச் சாத்தணும், சுகந்தி கம்பெனிக்கும் மேடத்துக்கும் போன் பண்ணணும். அவன்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது, சொல்லவும் கூடாது. நானும் சரின்னு கையெழுத்துப் போட்டேன்.

மொதத் தடவை வந்துச்சு. அஞ்சரை இருக்கும், நல்ல வெளிச்சம். டம்ளரோட வந்து நின்னு, 'ஒறைமோரு வேணுமுங்க'ன்னுச்சு. படிக்கட்டத் திரும்பித் திரும்பிப் பாக்குது. உள்ள கூப்புட்டேன், உக்கார வெச்சேன், முறுக்குக் குடுத்தேன். கதவும் சாத்துனேன். ஆனாப் பாரு, போன எடுத்தவளுக்கு மனசு கேக்கல. ஒரு பக்கத்த மட்டும் கேட்டுப்போட்டு ஒருத்தன்மேல ஆபீசுக்குப் போனு போடறது என்ன நாயம்? எதா இருந்தாலும் மொகத்துக்கு நேரா உக்காந்து பேசிட்டாத் தீந்து போச்சு. என்ற ஊட்டுக்காரரு இருந்தப்பக் கூடச் சொல்லுவாரு, மயிலு, உனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாதுன்னு.

அதனால புள்ளயக் கையில புடிச்சுக் கீழ கூட்டிட்டுப் போனேன். அது வரவே மாட்டீங்குது, படிக்கட்டுக் கம்பியப் புடிச்சுக்குச்சு. விரலு விரலாப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனேன். என்னயப் பாத்ததும் சம்பத்து லுங்கிய எறக்கி விட்டுட்டு எந்திரிச்சு நின்னான். மரியாதைன்னா மரியாதை. நேராவே கேட்டேன், ஏஞ்சம்பத்து, குடிச்சிருக்கியான்னு. 'இல்லீங்கம்மா, வேணும்னா மோந்து பாருங்க'ங்கறான். நானும் மோந்தேன், எனக்குத்தான் அன்னைக்கு ஒரே சளி, மூக்கடச்சுக் கெடக்குது. ஆனாக் குடிச்சவன் மோந்து பாருன்னு சொல்லுவானா, நீயே சொல்லு.

அப்பத்தான் அவன் கேட்டான், எதுக்குங்கம்மா திடீர்னு இப்படிக் கேக்கறீங்கன்னு. நான் ஒளிச்சு வெக்கல. ஒறைமோருன்னு வந்து கேட்டா நீ குடிச்சிருக்கறன்னு அர்த்தமாம்டா, அந்த மேடம் சொல்லி வெச்சிருக்கறா, பாத்து நடந்துக்கன்னேன். அவன் நல்லதுக்குத்தான சொன்னேன்? 'அப்படிங்களாம்மா'ன்னு சிரிச்சுட்டுப் புள்ளயப் பாத்தான். புள்ள டம்ளர முதுகுக்குப் பின்னால வெச்சுக்குச்சு. நான் ரெண்டு பேருக்கும் புத்தி சொல்லிப்போட்டு மேல வந்துட்டேன். மறுநா ஞாயித்துக்கெழமை, தண்ணி டேங்க்கு பூரா அவனே எறங்கிக் கழுவி விட்டான்.

அப்பறம் மூணு வாரத்துக்கு ஒறைமோரும் இல்ல, தயிரும் இல்ல. புள்ள சத்தமில்லாமப் பொட்டாட்டப் போகும், பொட்டாட்ட வரும். முந்தியெல்லாம் என்னயப் பாத்தா மாடிப்படில நாலு படி ஏறி வந்து சிரிக்கும், இப்பக் குனிஞ்ச தலை நிமிரறதில்ல. சித்திர வெயில்ல முழுக்கை ஸ்வெட்டரு போட்டுட்டுப் போகுது. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எதெது பேஷன்னு நமக்கு என்ன தெரியுது. எப்சிபா மேடம் வந்து கேட்டப்ப நான் பெருமையாச் சொன்னேன், உங்க பிளானு சூப்பரா வேலை செய்யுதுங்க மேடம், மூணு வாரமா ஒறைமோரே கேக்கலீங்கன்னு. அவளும் எழுதிக்கிட்டா. புள்ளகிட்டத் தனியாப் பேசணும்னா, நான்தான் அதுக்குப் பரிச்சை இருக்குது, எதுக்குக் கொழப்பறீங்க, எது ஒண்ணுன்னாலும் என்கிட்டத்தான் வரும்னு பேச விடாமத் தாட்டி விட்டேன். அந்தச் செவப்புப் பொட்டு சார்ட்டுல அப்படியே ஒட்டியிருந்துச்சு அம்மணி.

இப்பச் சொல்லப் போறதுலதான் எல்லாரும் என்னயப் புடிச்சுக்கறாங்க. நீ கேட்டுட்டு நாயத்தச் சொல்லு.

அன்னைக்கு வெள்ளிக்கெழமை. ஆறு ஆறரை இருக்கும். தலைக்குத் தண்ணி வாத்து, சாமி ரூம்ல வெளக்கேத்திச் சாம்பிராணி போட்டுட்டு இருக்கேன். வாசல்ல பூமிகா. கையில இந்த டம்ளரு. ஆமா, நீ மடில வெச்சிருக்கறயே, இதே டம்ளருதான். 'ஒறைமோரு வேணுமுங்க'ன்னுச்சு.

வெளக்கு வெச்ச பொறகு யாராச்சும் மோரு குடுப்பாங்களா? உங்க ஊட்டுல குடுப்பாங்களா? உப்பு, ஊசி, தயிரு, மோரு, எதையும் வெளிய தர மாட்டோம், அதுலயும் வெள்ளிக்கெழமை. லச்சுமி படியிறங்கிப் போயிருவா. முப்பத்தஞ்சு வருசமா என்ற ஊட்டுல அந்த நேரத்துல ஒரு சொட்டு வெளிய போனதில்ல. வெளக்கு வெச்சாச்சு கண்ணு, நாளைக்குக் காத்தால வான்னேன்.

போகல. நின்னுட்டே இருந்துச்சு. 'ஒரு சொட்டு போதுமுங்க'ன்னுச்சு. எனக்குக் கோவந்தான் வந்துச்சு, தீவாராதனை நேரத்துல. ஒரு தடவ சொன்னாக் கேக்கோணும்னேன். அப்பறம் கேட்டுச்சு பாரு.

'அப்ப மோரு வேண்டாமுங்க. உள்ள மட்டும் வந்து உக்காந்துக்கட்டுங்களா?'

செருப்பில்லாத காலு, குழாயடிச் சேறு பூரா அதுல. நான் அப்பத்தான் ஹாலத் தொடச்சு வெச்சிருக்கேன். பூசை முடியட்டும், காலக் கழுவிட்டு வான்னு சொன்னேன். வரவே வேண்டாம்னா சொன்னேன்? காலக் கழுவிட்டு வான்னுதான் சொன்னேன். அது டம்ளர நெஞ்சோட புடிச்சுட்டுக் கீழ எறங்கிப் போச்சு.

பிளானு ஞாபகம் இல்லாமயான்னு கேக்கறயா? இருந்துச்சு. ஏன் இல்லாம? ஆனா அந்த ஒறைமோரு விசயந்தான் சம்பத்துக்கே தெரிஞ்சு போச்சே, அப்பறம் அதுல என்ன ரகசியம் இருக்குது? நெசமாவே தயிருக்குக் கேக்குதுன்னு நெனச்சுட்டேன். அவசரம்னா அழுதிருக்கோணுமல்ல? அழுகலயே அம்மணி. ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல.

பூசை முடிஞ்சு மணியடிக்கறேன், கீழ டிவி சத்தம் காதப் பொளக்குது. இந்தச் சம்பத்து எதுக்கு இத்தன சத்தம் வெக்கறான்னு நெனச்சேன், ஒரு சொல்லு சொல்லோணும்னும் நெனச்சேன். அதுக்குள்ள ஆறாம் நெம்பரு ஜெரினா அவன் ஊட்டுக் கதவ ஒடச்சுட்டாளாம். என்ற கதவு. தேக்குல போட்டது, தாப்பாளே பேந்து போச்சு. புள்ளயத் தூக்கிட்டுத் தெருவுல ஓடறா, ஆட்டோக்காரன் ஒருத்தன் ஏத்திக்கிட்டான். முழங்கைக்குக் கீழ ரெண்டு எடத்துல முறிஞ்சு போச்சுன்னாங்க. நான் எறங்கிப் போனப்பச் சம்பத்து செவுத்தோரமாக் குத்த வெச்சு அழுதுட்டு இருந்தான். டம்ளரு சப்பையாக் கெடந்துச்சு. எனக்கும் அழுகை வந்துருச்சு அம்மணி, அவனப் பாத்து.

போலீசு, கேசு, எல்லாம் ஆச்சு. புள்ளய இப்ப நான் போயிட்டு இருக்கற இந்தக் காப்பகத்துக்குக் கொண்டாந்துட்டாங்க. சுகந்தி கம்பெனி ஹாஸ்டலுக்குப் போயிட்டா, வேற ஊடு பாத்துட்டுப் புள்ளயக் கூட்டிக்கறேன்னு அலையறா. அஞ்சாம் நெம்பரு என்னாச்சுன்னா, சம்பத்து ஜாமீன்ல வந்து வாசல்ல நின்னான், சாவிய நான்தான் குடுத்தேன். எங்க போவான் அவன்? அதுக்கு அந்த மேடம் என்கிட்ட ஒரு கோவம் காட்டுனா பாரு. அவன் அங்க இருக்கறதுனாலதானுங்க புள்ள அங்க வர முடியலங்கறா. என்ற ஊட்டுல யாரக் குடி வெக்கறதுன்னு இவகிட்டக் கேக்கோணுமா?

அதக் கூட விட்டுருவேன் அம்மணி. போன மாசம் காப்பகத்துல ரெண்டாவது கூட்டம் போட்டாங்க. சுகந்திக்குத் துணையா நானும் வந்தேன். அவளுக்கு இஷ்டமில்லதான், பஸ் ஸ்டாண்டுல வந்து நான்தான் ஏறிக்கிட்டேன். பிளான்ல பேரு இருக்கறவ வராம இருந்தா எப்படி? புது சார்ட்டு, புது ஸ்டிக்கர் பொட்டு. புள்ள கையில மாவுக்கட்டு, இடது கையாலதான் ஒட்டுது. மாமனுக்கு ஒண்ணு, டீச்சருக்கு ஒண்ணு. பெரிய செவப்புப் பொட்ட உரிச்சுது. நான் உக்காந்திருக்கேன், நேரெதுக்க உக்காந்திருக்கேன். கொண்டு போயி ஜெரினா பேருக்கு ஒட்டுது.

என்ற பேரு சார்ட்டுலயே இல்ல. எழுதட்டுமான்னு மேடம் புள்ளகிட்டக் கேட்டா. புள்ள வார்டன் சீலைக்குப் பின்னால போயி நின்னுக்குச்சு.

ரெண்டு வருசத்துக்கு முன்னால குடி வந்தவ அந்த ஜெரினா. பட்டன் வெக்கற வேலைக்குப் போறவ. வெளக்கு வெச்சா வெக்காட்டி அவளுக்கு என்ன, எந்நேரமும் எதையும் தூக்கிக் குடுக்கறவ. என்ற ஹால்ல உக்காந்து என்ற டீயக் குடிச்சவ, அவளுக்கு என்ற பொட்டு போயிருச்சு. சந்துல எல்லாரும் இப்ப என்னயப் பாத்தாப் பேச்ச நிறுத்திக்கறாங்க. ராத்திரில எனக்குத் தூக்கம் இல்ல. நான் என்ன செஞ்சேன் சொல்லு அம்மணி? அடிச்சது நானா?

அதுனாலதான் இன்னைக்கு ஒரு முடிவோட கெளம்பிட்டேன். அடுத்த வாரம், புள்ள யாருகிட்ட இருக்கோணும்னு முடிவு பண்ற கமிட்டில மறுபடியும் கூட்டம் வருது. அதுக்குள்ள மொகத்துக்கு நேரா உக்காந்து பேசிட்டா எல்லாம் சரியாயிரும். அன்னைக்கு ஒறைமோரு குடுக்கலங்கற குறை எதுக்கு, கையோட கொண்டாந்துட்டேன், அதுவும் அதே டம்ளருல. சப்பையாக் கெடந்தத அவன்தான் சுத்தியல்ல தட்டித் தட்டி நிமித்திக் குடுத்தான். பாரு, தடவிப் பாரு, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் நெளிவு தெரியும்.

எவனா? என்ன அம்மணி, இத்தன நேரம் என்ன கேட்டுட்டு வந்த? அதா, அங்க நிக்கறானே, வெள்ளச் சட்டை. சம்பத்துதான்.

அவனுக்குக் காப்பகம் எந்த ஊருல இருக்குதுன்னே சொல்லக் கூடாதாம், கிட்டயே வரக் கூடாதாம். பெத்த அப்பனுக்குப் புள்ள இருக்கற எடம் தெரியக் கூடாதுன்னு எந்த நாட்டுல சட்டம் இருக்குது? என்கிட்ட வந்து, ஒரே ஒருக்கா மொகத்தப் பாத்தாப் போதுமுங்கம்மான்னு கையெடுத்துக் கும்புட்டான். எனக்கு மனசு எளகிப் போச்சு. புள்ளயும் அப்பனும் நேருக்கு நேர் பாத்துப் பேசிட்டா, அவன் ஒரு வார்த்தை கேட்டா, எனக்கு ஒண்ணுமில்லீங்கன்னு கமிட்டில அதுவே சொல்லிரும். என்ற பேரும் சார்ட்டுல ஏறிரும். பஸ் ஸ்டாண்டுக்கு வார வழியெல்லாம் அவனும் அதத்தான் சொல்லிட்டு வந்தான்.

இந்தா, இந்த பாரத்தக் கொஞ்சம் எழுதிக் குடு. வாட்ச்மேன் போன தடவையே குடுத்து, அடுத்த தடவ பூர்த்தி பண்ணிட்டு வாங்கன்னான். கண்ணாடிய டிவி மேல வெச்சுட்டு வந்துட்டேன். பாக்க வாரவங்க பேரு மயிலாத்தான்னு போடு. என்ன உறவுன்னா ஹவுஸ் ஓனருன்னு போடாத, பாட்டின்னு போடு. கூட வாரவங்கன்னு ஒரு எடம் இருக்குமே, அதுல ஏதாச்சும் ஒரு பேரு போட்டு, மகன்னு எழுதிரு. அவன் என்னய அம்மான்னுதான கூப்புடறான், அதுல என்ன பொய்யி இருக்குது?

ஏன் அம்மணி, பேனாவ மூடிட்ட?

எந்திரிக்கற? உனக்குக் கோபி வரைக்கும் டிக்கெட்டு இருக்குதுன்னயே. டம்ளரக் குடுத்துட்டுப் போ. போன எடுக்கறயே, யாருக்கு? உனக்கு இதுல என்ன வந்துச்சு? நல்லது கெட்டது தெரியாத சனம்.

சரி போ, உன்ற எழுத்து இல்லாட்டி என்ன. சம்பத்து, இங்க வா கண்ணு, இந்தச் சீட்டு காலியாயிருச்சு, உக்காரு. இந்த பாரத்த நீயே எழுது, உன்ற கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அவசரமில்ல, இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்குது. வெளக்கு வெக்கறதுக்கும் நேரங் கெடக்குது.